சார்ஜர் பூட்ட வந்த நாலு பேர்

ஒரு நாள் இரவு பத்து மணி இருக்கும், அம்மா ஹோலுக்குள் வந்து நின்று மூக்கை உறிஞ்சினார். "மனே, என்னவோ எரியிற மணமாக் கிடக்கு, அடுப்பெல்லாம் நிப்பாட்டியாச்சு." எழும்பிப் போய் ஜன்னலோரம் இருந்த 13 அம்பியர் சொக்கட்டில் எங்கள் மின்சாரக் காரின் சார்ஜர் பிளக்கைத் தொட்டால் கை சுட்டது. கழற்றிப் பார்த்தேன். லைவ் முனையைச் சுற்றி பிளாஸ்டிக் மண்ணிறமாகி, சொக்கட்டின் ஓட்டைக்குள் கொஞ்சம் உருகி ஒட்டியும் இருந்தது. கார் வெளியே போர்ட்டிகோவில் ஒன்றும் நடக்காதது போல நின்றது.

தப்பு என்னுடையதுதான். கையடக்க சார்ஜரில் 6, 8, 10, 13 என்று அம்பியரைத் தெரிவு செய்யலாம், நான் வாங்கின நாளிலிருந்து 13இலேயே விட்டிருந்தேன். பிளக்கில் 13 என்று எழுதியிருக்கிறது, சார்ஜரிலும் 13, பிறகென்ன என்று நினைத்தேன். கேத்தலுக்கு அது சரி, அஞ்சு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கார் அந்த 13 அம்பியரை மணிக்கணக்காக விடாமல் இழுக்கிறது, அதுவும் எங்கள் வீட்டின் பழைய சொக்கட்டில். 10க்கு மேல் வைத்திருக்கவே கூடாது.

கார் ஜப்பானிலிருந்து வந்த பழைய நிசான் லீஃப், 24 கிலோவாட் மணி பற்றரி. பற்றரியின் ஆரோக்கியத்துக்குப் பன்னிரண்டு கட்டம் காட்ட வேண்டிய இடத்தில் இப்போது ஒன்பது காட்டுகிறது. வீடு மட்டக்களப்புக் கல்லடியில், பள்ளிக்கூடம் களுவாஞ்சிகுடிப் பக்கம், போக வர அறுபது கிலோமீட்டரை ஒட்டி வரும். அதற்கு இந்த ஒன்பது கட்டம் தாராளமாகப் போதும், ஆனால் தினமும் சார்ஜ் செய்தாக வேண்டும். எனவே ஒழுங்கான தனி லைன் இழுத்து, சுவரில் ஒரு சார்ஜர் பூட்டுவது என்று முடிவெடுத்தேன். வீடு 78 சூறாவளிக்குப் பிறகு அப்பா கட்டினது, வயரிங்கும் அந்தக் காலத்தது, இடையில் ஒரு தடவை மெயின் போர்டை மட்டும் மாற்றியிருக்கிறோம். எலக்ட்ரீசியன் தேடும் வேலை இரண்டு நாளில் முடியும் என்று கணக்குப் போட்டேன். ஐந்து கிழமை எடுத்தது.

முதலாமவர் புது வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர், கூடப் படிப்பிக்கும் ஒருவர் சொல்லித்தான் அழைத்தேன். நல்ல மனிசன், கையில் தேசிய தொழில் தகைமை 4ஆம் மட்டச் சான்றிதழும் இருக்கிறது. போனிலேயே விலை சொல்லிவிட்டார்: "ஏசி லைன் மாதிரித்தான் சேர், ஒரு லைன் இழுத்தாச் சரி." வீட்டை வந்து பாருங்களேன் என்றேன். "என்னத்தைப் பாக்கிற, எல்லா வீடும் ஒண்டுதானே." அதோடு அந்தக் கதை முடிந்தது. சான்றிதழைக் குறை சொல்லவில்லை, அது இல்லாத ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுக்கவே மாட்டேன், ஆனால் இங்கே அது போதவில்லை.

இரண்டாமவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் அவர் சொன்ன வேலையை நம்மூரில் வேறு பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

என்னுடைய கையடக்க சார்ஜரில் இடைக்கிடை ஒரு சிவப்பு லைட் எரியும். ஆவணி வெயில் நேரம் அது அடிக்கடி வந்தது, சார்ஜ் ஏறாது. எர்த் சரியில்லை என்பதுதான் அந்த லைட்டின் பொருள், கையேட்டிலேயே போட்டிருக்கிறது. இரண்டாமவர் வந்து பார்த்தார், அஞ்சு நிமிடம் யோசித்தார், பிறகு மெயின் போர்டைத் திறந்து, "அண்ணன், இதில நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால முடிச்சு விட்டா சிவப்பு லைட் போயிரும், ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால முடிக்கிறதால ட்ரிப்பும் ஆகாது" என்றார். உண்மைதான், லைட் போய்விடும். சார்ஜரும் எர்த் இருக்கிறதென்று நம்பி ஓடும்.

ஆனால் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். நம் இலங்கையில் வீட்டு எர்த் என்பது நம் வளவில் நாமே இறக்கும் கம்பிதான், மின்சார சபை தூணிலிருந்து லைவும் நியூட்ரலும் மட்டும்தான் தருகிறது. காரின் உடம்பு முழுக்க அந்த எர்த்தோடு இணைந்திருக்கிறது. இரண்டையும் முடிந்துவிட்டால் காரின் உடம்பு நியூட்ரலோடும் சேர்ந்துவிடுகிறது. ஒரு காற்று மழையில் தென்னோலை விழுந்து தூணிலிருந்து வரும் நியூட்ரல் மட்டும் அறுந்தால், ஃபிரிஜ்ஜுக்குள்ளாலும் பல்புக்குள்ளாலும் போன கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் நேரே காரின் தகட்டுக்கு வந்து நிற்கும். ஈர நிலத்தில் வெறுங்காலோடு கதவைத் திறக்கிறவருக்கு 230 வோல்ட் வரை அடிக்கலாம். எர்த் கம்பி நல்லதாக இருந்தால் அது கொஞ்சத்தைப் பூமிக்கு இறக்கும், எங்கள் கம்பியின் நிலைமை பிறகு தெரிய வந்தது. கரண்ட் கசிந்தால் விழ வேண்டிய ட்ரிப் சுவிட்சும் காப்பாற்றாது, முடிச்சு அதற்கு முன்னால் அல்லவா இருக்கிறது. இதை அவரிடம் சொன்னேன். "அப்பிடி நடக்கிறது ஆயிரத்தில ஒண்டு" என்றார். எங்கள் வளவில் பதினொரு தென்னை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இடையில் ஒரு விஷயம். இங்கிலாந்துக்காரரின் யூடியூப் காணொளிகளை ராப்பகலாகப் பார்த்து, நியூட்ரலும் எர்த்தும் வீதியிலேயே சேர்ந்து வரும் அவர்கள் ஊர் அமைப்பில் அந்தக் கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று மூன்று இரவு பயந்துகொண்டிருந்தேன். அவர்கள் அதற்கென்று தனிக் கருவியே வைக்கிறார்கள். நமக்கு அந்தப் பிரச்சினை கிடையாது, ஏனென்றால் நம் எர்த் தனி. இரண்டாமவர் செய்யப் பார்த்தது இல்லாத அந்தப் பிரச்சினையை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவரும் வேலைதான்.

மூன்றாமவர் சார்ஜர் விற்கும் இடத்தால் அனுப்பப்பட்டவர். சட்டையில் பெயர் அடித்து, அழகான பெட்டியோடு வந்தார். 7 கிலோவாட் சார்ஜர், 32 அம்பியர் பிரேக்கர், 6 சதுர மில்லிமீட்டர் கேபிள், சீலிங்குக்குள்ளால் இழுத்து ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றார். "நாலு மணித்தியாலத்தில ஃபுல் சேர்." நானும் கொஞ்சம் மயங்கிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் பெட்டியைத் திறந்து சார்ஜரோடு சேர்ந்து தொங்கும் கேபிளைக் காட்டினபோதுதான் முழிப்பு வந்தது. அது டைப் 2 முனை. ஜப்பான் லீஃபில் இருப்பது டைப் 1, பக்கத்தில் விரைவு சார்ஜுக்கு சாடெமோ. முனை காருக்குள் போகவே போகாது. "அதுக்கு ஒரு அடப்டர் போடலாம் சேர்" என்றார். எங்கள் கார் என்னவென்று கேட்காமலே வந்திருக்கிறார்.

நாலாவது ஆளை எனக்குத் தந்தது காத்தான்குடியில் வயர் வாங்கப் போன கடையின் நானா. விலை விசாரிக்கத்தான் போனேன். கதையைக் கேட்டுவிட்டு, "வயரைப் பிறகு வாங்குங்க சேர், முதல்ல ஆளைப் பிடிங்க" என்று ஒரு நம்பர் தந்தார். கட்டாரில் எட்டு வருடம் கட்டட மின் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்திருக்கும் ஏறாவூர்த் தம்பி. போனில் விலை கேட்டேன், சொல்லவில்லை. பதிலுக்கு அவர் கேட்ட கேள்விகளைக் கேட்ட உடனே ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன்: கார் என்ன மொடல், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், வீட்டில் ஏசி இருக்கிறதா, கிணற்று மோட்டர் எத்தனை குதிரைவலு, மீட்டரில் இருந்து கார் நிற்கும் இடம் எத்தனை அடி, மழைக்கு அங்கே தண்ணீர் நிற்குமா.

ஞாயிறு காலையில் வந்தார். போர்ட்டிகோ பக்கம் போகவே இல்லை, நேரே மீட்டரடிக்குப் போனார். சபை சீல் வைத்த பிரேக்கரைக் காட்டி, "இதில 30 எண்டு இருக்கு, பாத்தீங்களா?" என்றார். நாற்பது வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், பார்த்ததில்லை. சிங்கிள் பேஸ், 30 அம்பியர். அதாவது முழு வீட்டுக்கும் கிடைப்பதே 6.9 கிலோவாட். 7 கிலோவாட் சார்ஜர் தனியாகவே 30க்கு மேல் கேட்கும். வீட்டில் ஒரு பல்பும் எரியாமல் இருந்தாலும் அது இந்த இணைப்பில் ஓடக்கூடாது. மூன்றாமவர் இந்தப் பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பிறகு சொன்னார், "சேர்ட கார் எடுக்கிறதே 3.3 கிலோவாட்தான்." சுவரில் என்ன பெட்டியை மாட்டினாலும், ஏசி கரண்டை டிசியாக மாற்றுவது காருக்குள் இருக்கும் சார்ஜர்தான், சுவரில் இருப்பது உண்மையில் ஒரு புத்திசாலியான சுவிட்ச். இந்த லீஃபில் உள்ளே இருப்பது 3.3 கிலோவாட். 7 மாட்டினாலும் 22 மாட்டினாலும் 3.3தான் ஏறும். அறுபது கிலோமீட்டருக்கு ஒன்பது, பத்து யூனிட் போகிறது, மூன்று மணித்தியாலத்தில் திரும்பி வந்துவிடும். கார் இரவு முழுக்க சும்மா நிற்கிறது. அவசரம் யாருக்கு?

மிச்ச வீட்டுக் கணக்கை அவர் சுவரில் பென்சிலால் எழுதினார் (அம்மா இன்னும் அதைத் துடைக்கச் சொல்கிறார்). காருக்கு 16 அம்பியர், ஏசிக்கு 5, மோட்டருக்கு 5, கேத்தலுக்கு 9. எல்லாம் ஒரே நேரம் ஓடினால் 35. எனவே கார் இரவு பத்தரைக்குப் பிறகுதான். லீஃபிலேயே டைமர் இருக்கிறது, என்ன, மெனு முழுக்க ஜப்பான் எழுத்து. மகன் போன் கமராவால் மொழிபெயர்த்து ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டி செட் பண்ணினான். அந்த நேரத்தில் தடவை தடவையாக ஒரு ஜப்பான் பெண் குரல் எங்களுக்கு எதையோ அறிவுறுத்திக்கொண்டே இருந்தார்.

அடுத்தது எர்த். வளவின் மூலையில் அப்பா காலத்து ஜீஐ பைப் ஒன்று மண்ணுக்குள் போயிருந்தது. கிளிப்பைத் தொட்டதும் துரு உதிர்ந்து கையோடு வந்தது. உப்புக் காற்று இங்கே எதையும் விடாது. பையிலிருந்து எர்த் டெஸ்டரை எடுத்தார், போர்டிலிருந்து எர்த் வயரைக் கழற்றினார், பத்து மீட்டரில் ஒரு சின்ன ஆணி, இருபது மீட்டரில் இன்னொன்று, மணல் காய்ந்திருந்ததால் இரண்டுக்கும் வாளியில் தண்ணீர் ஊற்றினார். நான் தூரத்திலிருந்து, "எத்தனை ஓம் வந்தது?" என்று கத்தினேன். "ஓம், வந்தது!" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் இப்படியே கதைத்துக்கொண்டிருந்தோம்.

640. ட்ரிப் சுவிட்ச் 30 மில்லிஅம்பியர் என்பதால் கணக்குப்படி அது இன்னும் வேலை செய்யும், 640 ஓமில் 30 மில்லிஅம்பியர் போனால் 19 வோல்ட்தான் எழும்பும், 50 வரைக்கும் பொறுக்கலாம். ஆனால் 200 ஓமைத் தாண்டினால் அது நம்பத்தக்க எர்த் இல்லை, காய்ந்து போனால் இன்னும் ஏறும், அதனால்தான் ஆவணியில் சிவப்பு லைட். கல்லடி மணலின் மேல் நாலடி கோடையில் பொரித்த மணல் மாதிரித்தான். ஆனால் பத்தடி போனால் தண்ணீர், அதுவும் உப்புச் சாயல் உள்ள தண்ணீர், கரண்டுக்கு அதைவிட நல்ல பாய் கிடையாது. செம்பு பூசின ரொட் இரண்டை ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி மூன்று மீட்டர் இறக்குவது என்று தீர்மானித்தோம்.

விலை அதற்குப் பிறகுதான் சொன்னார். முதலாமவரைவிட இரண்டு மடங்கு, மூன்றாமவரைவிடக் குறைவு. பேரம் பேசவில்லை.

சாமான் சேர்க்க இரண்டு கிழமை போனது. சார்ஜர் 32 அம்பியர் வரை போகக்கூடியதுதான், ஆனால் உள்ளே இருக்கும் சின்ன சுவிட்சால் 16இல் பூட்டி வைக்கலாம். கேபிள் தொங்காமல், பெட்டியில் டைப் 2 துவாரம் மட்டும் இருக்கும் வகையாகப் பார்த்து வாங்கச் சொன்னார். ஒரு பக்கம் டைப் 2, மறுபக்கம் டைப் 1 உள்ள கேபிளைத் தனியாக வாங்கினால் போதும். நாளைக்கு டைப் 2 உள்ள வேறு கார் வந்தால் கேபிளை மட்டும் மாற்றலாம். இது எனக்குத் தோன்றியிருக்காது.

ட்ரிப் சுவிட்ச் தேடினதுதான் பெரும்பாடு. மட்டக்களப்பில் நான் ஏறின கடைகளில் எல்லாம் இருந்தது ஏசி வகை, முகத்தில் ஒரு அலைக்கோடு மட்டும் இருக்கும். காருக்கு ஏ வகை வேண்டும், அலைக்கோட்டுக்குக் கீழே இன்னொரு அரை அலைச் சின்னமும் இருக்கும். காரின் மின்னணுப் பாகங்களிலிருந்து டிசி கசிந்தால் ஏசி வகை மரத்துப்போய், உண்மையான கசிவு வந்தாலும் விழாமல் இருந்துவிடலாம். எங்கள் சார்ஜருக்குள் 6 மில்லிஅம்பியர் டிசியைப் பிடிக்கும் உணரி இருப்பதால் ஏ வகை போதும், அது இல்லாத சார்ஜர் என்றால் பி வகை வேண்டும், அதன் விலையைக் கேட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். ஒரு கடைக்காரர் ஏசி வகையை நீட்டி, "எல்லாம் ஒண்டுதான் சேர், இது ஏசி, அது ஏ, ஒரு எழுத்துத்தான் வித்தியாசம்" என்றார். கடைசியில் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது.

கேபிள் 7/1.35, அதாவது 10 சதுர மில்லிமீட்டர், எர்த்துக்கு 7/1.04. பதினாறு அம்பியருக்கு இது அதிகம்தான். 6 சதுர மில்லிமீட்டர் சுவரோடு குழாயில் போனால் 30 பாகையில் 41 அம்பியர் தாங்கும், 40 பாகையில் 35ஐ ஒட்டி நிற்கும். ஆனால் அதே கேபிளை மூன்றாமவர் சொன்னபடி அஸ்பெஸ்டஸ் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் விட்டால், மத்தியானம் 50 பாகையில் 29தான், 32 ஓட்டினால் கேபிள் மெல்ல மெல்ல வேகும். பின்னொரு காலம் மூன்று பேஸ் எடுத்து 32 அம்பியரில் ஓட்ட நேர்ந்தால் திரும்ப சுவரைக் கொத்தாமல் இருக்க 10. வெளிச் சுவரோடு, கூரைக்குள் போகாமல், பதினெட்டு மீட்டர்.

வேலை நாள். காலை ஏழரைக்கு மெயினை நிறுத்தினார், அம்மா விசிறி இல்லாமல் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு மேற்பார்வை. ரொட் இறக்க முக்கால் மணித்தியாலம், முதல் மீட்டர் வெண்ணெயில் போவது போல் போனது, பிறகு ஏதோ கல்லில் தட்டி இரண்டடி தள்ளித் திரும்ப இறக்கினோம். அளந்தால் 34. ஓம், ஓம்.

கார் லைனை வீட்டு ட்ரிப் சுவிட்சுக்குக் கீழே எடுக்கவில்லை. மெயின் சுவிட்சிலிருந்து தனியாகப் பிரித்து, தனிப் பெட்டியில் 20 அம்பியர் இரண்டு முனை பிரேக்கர், அதோடு ஏ வகை ட்ரிப். வீட்டில் இருப்பது பழைய ஏசி வகை, கார் அதை மரத்துப்போகச் செய்துவிடக்கூடாது, கார் லைன் விழுந்தால் ஃபிரிஜ்ஜும் நிற்கக்கூடாது. குழாய் பூட்ட சுவரில் துளையிட்டபோதுதான் அப்பாவின் காலத்துச் சாந்து கதை சொல்லத் தொடங்கியது, ஒரு ஆணிக்கு ஒரு உள்ளங்கை சாந்து விழுந்தது. சார்ஜரை முழங்கால் உயரத்தில் பூட்ட நினைத்திருந்தேன், 2011 ஜனவரி வெள்ளம் எந்தப் படி வரை வந்தது என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு நெஞ்சளவுக்கு உயர்த்தினார். திருகாணி எல்லாம் துருப்பிடிக்காத எஃகு.

பின்னேரம் நாலு மணிக்கு சோதனைகள். கரண்ட் கொடுக்குமுன் 500 வோல்ட் மெகரால் வயர் உறையின் காப்பைப் பார்த்தது, பிறகு ட்ரிப்பை டெஸ்டரால் தட்டிப் பார்த்தது, 24 மில்லிசெக்கனில் விழுந்தது. கார் பூட்டினோம். பச்சை லைட். கிளாம்ப் மீட்டரில் 14.6 அம்பியர்.

நான் கையைக் கொடுத்துவிட்டுக் காசை எண்ணத் தொடங்கினேன். "பொறுங்க சேர், ஒரு மணித்தியாலம் ஓடட்டும்." தேத்தண்ணி குடித்தோம். பிறகு வெப்பமானியால் ஒவ்வொரு முனையாகக் குறிபார்த்தார்: 38, 39, 38, மெயின் சுவிட்சின் நியூட்ரலில் 61. அது அவர் பூட்டின முனை கூட இல்லை, பழைய சுவிட்சின் வரும் பக்கத்து முனை, எத்தனையோ வருடமாகத் தளர்ந்து கிடந்திருக்கிறது, கார் இழுக்கும் வரை யாருக்கும் தெரியவில்லை. திருகாணி நெரிந்து போயிருந்தது. கடை பூட்டுமுன் மகன் சைக்கிளில் போய்ப் புது மெயின் சுவிட்ச் வாங்கி வந்தான். மாற்றி முடிக்க இருட்டிவிட்டது, டோர்ச் பிடித்தது அம்மா. திரும்ப ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு அளந்தோம், 37. பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் எந்த வயர் எங்கே போகிறது, எந்த நாளில் எத்தனை ஓம் என்று கையால் எழுதி ஒட்டிவிட்டுப் போனார்.

மிச்சமிருப்பவை: இடி மின்னலில் திடீரென எகிறும் வோல்ட்டேஜைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பு இன்னும் பூட்டவில்லை, இந்தப் பக்கம் சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் விழும் மின்னலுக்கு அது இருக்கத்தான் வேண்டும், அடுத்த சம்பளத்தில். மூன்று பேஸ் பற்றி மின்சார சபையில் விசாரித்தேன், எங்கள் ஒழுங்கையில் மூன்று கம்பி வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமாம், இப்போதைக்கு அவசரமில்லை. கையடக்க சார்ஜர் காரின் டிக்கியில் கிடக்கிறது, 10இல் வைத்து.

மழை தொடங்கின பிறகு அந்தத் தம்பி ஒரு நாள் இந்தப் பக்கம் வந்தவர், சொல்லாமலே டெஸ்டரோடு வந்து இன்னொரு தடவை அளந்தார். 21. தாளில் அதையும் எழுதினார். காசு வாங்கவில்லை, அம்மா தயிர்ச் சட்டி ஒன்றைக் கையில் திணித்தார். அதைப் பிடித்துக்கொண்டு கேற்றடி வரைக்கும் போனவர் கிணற்றடியைப் பார்த்து நின்றுவிட்டார். மோட்டருக்குப் போகும் வயரில் பாதி வழியில் ஒரு முடிச்சு, அதன் மேல் கறுப்பு டேப், அதன் மேல் மழைக்கு ஒரு ஷொப்பிங் பேக். "இது ஆர் செய்தது சேர்?" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்தார். ஞாயிறு வருகிறார்.